துரு தின்ற மூலப்பாடம்

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் ரோவர் என்னும் ஆங்கிலேய நிறுவனம் நான்கு சக்கரங்களும் உந்தும் சிறு வண்டி ஒன்றைப் பார்வைக்கு வைத்தது. பின்னால் திறந்த சரக்குத் தட்டு. முன்னால் மூவர் நெருங்கி அமரும் இருக்கை. விலை 450 பவுன். அந்த விலைக்குக் கதவும் கூரையும் சேர்த்தி இல்லை. வேண்டுவோர் தனியே பணம் கட்டவேண்டும். லாண்ட்ரோவர் என்னும் பெயரை உலகம் கேட்ட முதல் நாள் அதுவே.

அன்று மேடையேறிய வண்டிக்குப் பின்னர் நேர்ந்தது விந்தையானது. தொழிற்சாலைக்குத் திரும்பிச் சில மாற்றங்கள் பெற்று, 1955இல் சாலைப் பதிவு பெற்றது. 1960களில் கடைசியாகச் சாலையில் ஓடியது. பின்னர் வேல்ஸ் நாட்டு வயலொன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மழையில் கிடந்தது. புதுப்பிக்கும் எண்ணத்தோடு ஒருவர் அதை வாங்கினார், வேலை நடக்கவில்லை. இறுதியில் சாலிஹல் நகருக்குச் சில மைல் தொலைவில், அதாவது அது பிறந்த தொழிற்சாலையின் வாசலுக்கே அருகில், ஒரு வீட்டுத் தோட்டத்தில் அடையாளம் காணப்பட்டது. 2018 ஜனவரியில் நிறுவனம் அதைத் தானே செப்பனிடப்போவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பில் ஒரு செய்தி நம் கவனத்தை ஈர்த்தது: பழைய உறுப்புகளின் மேல் காலம் ஏற்றிவைத்த கறையையும் மங்கலையும் காப்பாற்றப்போவதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். பளபளப்பாக்குவோம் என்று சொல்வதுதான் வாகன வணிகர்களின் வழக்கம். அழுக்கைக் காப்போம் என்று ஒரு நிறுவனம் சொல்வது எதனால்? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒரு வண்டியின் இயல்பைக் காப்பது என்றால் முதலில் அந்த இயல்பு எங்கிருந்து வந்தது என அறியவேண்டும். லாண்ட்ரோவரைப் பொறுத்தவரை அது பற்றாக்குறையிலிருந்து வந்தது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் என்பாருக்கு வேல்ஸின் ஆங்கில்சித் தீவில் நிலம் இருந்தது. அங்கே அவர் ஓட்டியது அமெரிக்கப் படை விட்டுச்சென்ற பழைய ஜீப். அது தேய்ந்தால் மாற்றுக்கு வேறு வண்டி இல்லை என்ற நிலையில், அதுபோன்ற ஒன்றை நாமே செய்தால் என்ன என்று அவரும் நிறுவனத்தின் நிர்வாகியான அவர் அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸும் எண்ணினர். கடற்கரை மணலில் குச்சியால் படம் வரைந்து காட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1947 கோடையில் உருவான முதல் சோதனை வண்டி ஜீப்பின் சட்டகத்தின் மேலேயே கட்டப்பட்டது; டிராக்டரைப்போல ஸ்டியரிங் நடுவில் இருந்தது.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு பங்கீட்டுப் பொருள். ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் ஆலைகளுக்கே தாராளமாகக் கிடைக்கும். அலுமினியமோ போர்விமான ஆலைகள் ஓய்ந்ததால் எளிதில் கிடைத்தது. ஆகவே வண்டியின் மேலுடல் பிர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவையால் ஆயிற்று. தகடுகளை வளைவுகளாக அழுத்தியெடுக்கும் பெரிய அச்சுகளுக்குப் பணமில்லை. ஆகவே உடல் எங்கும் நேர்க்கோடாயிற்று. முதல் வண்டிகளுக்குப் பூசிய வெளிர் பச்சை விமானங்களின் உட்புறத்துக்கென வாங்கி எஞ்சிய வண்ணம் என்பர். இன்று அழகு என்று நாம் வியக்கும் ஒவ்வொன்றும் அன்று கைக்கு எட்டியதைக் கொண்டு ஒப்பேற்றியதன் விளைவு. வண்டியே ஓர் ஒப்பேற்றல்தான்: கார் விற்பனை சீராகும்வரை ஆலையை ஓட்டச் சில ஆண்டுகளுக்கென்று நினைத்தது. அதன் நேர்வழித் தோன்றலின் உற்பத்தி சாலிஹல்லில் நின்ற நாள் 2016 ஜனவரி 29.

எஃகு மிகுதியாகப் பயன்பட்ட இடம் அடிச்சட்டகம், நம் பட்டறைகளில் சேசிஸ் என வழங்குவது. அதையும் சிக்கனமாகவே செய்தார்கள். தட்டையான நான்கு எஃகுப் பட்டைகளை விளிம்போடு விளிம்பாகப் பற்றவைத்து, உள்ளே வெற்றிடமுள்ள பெட்டிபோல் ஆக்கினர். வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே புகுந்த சேறும் நீரும் வெளியேற வழி குறைவு. பண்ணை வண்டி சேற்றில் நிற்காமல் வேறெங்கு நிற்கும்? சட்டகம் உள்ளிருந்து வெளிநோக்கித் துருவேறியது. உற்பத்திக்கு முந்தைய 48 வண்டிகளுக்கு மட்டும் துத்தநாகம் பூசிய சட்டகம் இருந்தது; உடற்தகடும் சற்றே கனம். விற்பனைக்கு வந்தவற்றுக்கு அந்தப் பேறு இல்லை. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் நிற்கும் இடங்களிலோ வேறொரு வகை அரிப்பு நேர்கிறது. அங்கே அலுமினியம் வெண்பொடியாக உதிரும்.

எழுபது ஆண்டுக்குப் பின் இவ்வண்டிகளின் நிலை மனித உடலுக்கு நேர்மாறானது: தோல் நிலைத்திருக்கிறது, எலும்பு மட்கிவிடுகிறது. வண்டியின் அடையாள எண்ணுக்குச் சட்டக எண் என்றே பெயர். அந்தப் பெயருக்குரிய உறுப்பே முதலில் அழிகிறது.

பழைய லாண்ட்ரோவரைப் புதுப்பிக்கிறோம் என்று புறப்படுவோரில் பலர் செய்வது என்ன? புதிய சட்டகம் ஒன்றை வாங்குகிறார்கள். பழையது இரும்புக்கடைக்குப் போகிறது. தகடுகளைக் கழற்றி மணல்வீச்சிலோ அமிலத்திலோ இட்டு உலோகம் தெரியச் சுரண்டுகிறார்கள். நசுங்கல்களுக்குப் பட்டி பார்க்கிறார்கள். பின் கண்ணாடிபோல் மின்னும் கரும்பச்சை. 1948இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த எந்த லாண்ட்ரோவரும் அவ்வளவு நேர்த்தியாக இருந்ததில்லை. அதன் நிறமும் அந்தக் கரும்பச்சை அன்று. அது பிறகு வந்தது. நம்மூர்க் கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சு பட்டு எழுத்து மங்கிய கல்வெட்டுகளைக் கண்டவர்களுக்கு இங்கே நடப்பது விளங்கும். கருவியும் ஒன்று, நல்லெண்ணமும் ஒன்று, விளைவும் ஒன்று.

கண்ணுக்குத் தெரியாத இழப்புகள் இன்னும் பெரியவை. தொடக்ககால வண்டிகளில் நான்கு சக்கர உந்துதல் நிரந்தரமானது. இறுக்கமான சாலையில் திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒன்றையொன்று முறுக்காதிருக்க, முன்பக்க உந்துதலில் சைக்கிளின் பின்சக்கரத்தில் உள்ளது போன்ற தனிச்சுழல் அமைப்பு ஒன்று உண்டு. சேற்றில் அதைப் பூட்ட, ஓட்டுநரின் காலடியில் ஒரு வளையம் இருக்கும். அதைப் பிடித்து இழுக்கவேண்டும். 1950இல் இம்முறை கைவிடப்பட்டது. வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இணைக்கும் எளிய முறை வந்தது. பழைய கியர்பெட்டி பழுதானபோது பண்ணைக்காரர்கள் பிற்கால வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்திவிட்டார்கள். 1.6 லிட்டர் எஞ்சினுக்குப் பதில் 2 லிட்டர் எஞ்சின் ஏறியது. முகப்பு வலைக்குப் பின்னே ஒளிந்திருந்த விளக்குகள் வெளியே வந்தன. வண்டி ஓடிக்கொண்டே இருந்ததற்கு இந்த மாற்றங்களே காரணம். எனவே அவற்றை வெறும் பிழைகள் என்று ஒதுக்கவும் நமக்கு மனம் வரவில்லை.

இலக்கியம் பயிற்றுவோருக்கு ஒரு பழக்கதோஷம் உண்டு. எதைக் கண்டாலும் சுவடி நினைவுக்கு வந்துவிடும். ஏட்டைப் பெயர்த்து எழுதியவன் தனக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றிவிடுவான். அவனும் நூலைக் காப்பாற்றியவன்தான். அவன் எழுதாவிட்டால் ஏடு செல்லரித்துப் போயிருக்கும். பிற்கால கியர்பெட்டியைப் பொருத்திய பண்ணைக்காரனும் அத்தகையவனே. பதிப்பாசிரியனின் கடமை வேறு. எது மூலம், எது பிற்சேர்க்கை என்று பிரித்துக் காட்டுவதும், இல்லாததை இல்லை என்று சொல்வதும் அவன் வேலை. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் நினைத்திருந்தால் சங்க நடையில் இரண்டு பாடல் யாத்துச் சேர்த்திருக்க முடியாதா? சிதைந்த அடிகளில் புள்ளியிட்டு விட்டாரே, அந்தப் புள்ளிகளின் மேல்தான் ஏனைய சொற்களின் நம்பகம் நிற்கிறது. மின்னும் கரும்பச்சை லாண்ட்ரோவரில் இல்லாதவை அந்தப் புள்ளிகள்.

வாகன உலகம் இவ்வுண்மையை உணர நெடுநாள் ஆயிற்று. 1964இல் கட்டடங்களுக்கென வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் செப்பனிடுதல் நின்றுவிடவேண்டும் என்றது. புதிதாகச் சேர்த்தது புதிதென்று தெரியவேண்டும் என்றது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு அதே நெறியில் தனக்கென டூரின் சாசனத்தை ஏற்றது 2012இல்தான். கட்டடக்காரர்களுக்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் பின்னால்.

சட்டம் வேறு வழியில் இதே முடிச்சில் சிக்கியது. லாண்ட்ரோவரை விட்டுச் சற்றே விலகி ஒரு பந்தயக் காரின் வழக்கைச் சொல்லவேண்டும். லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 1929இலும் 1930இலும் வென்ற பென்ட்லி கார் ஒன்று உண்டு. பழைய முதலாம் எண் என்பது அதன் செல்லப்பெயர். 1990இல் அதை ஒரு கோடிப் பவுனுக்கு வாங்க ஒப்பியவர்கள், அதில் 1929ஆம் ஆண்டு உறுப்புகள் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று கூறிப் பணம் தர மறுத்தனர். நீதிபதி ஆட்டன் தந்த தீர்ப்பு நுட்பமானது. உறுப்புகள் மாறியதை அவர் மறுக்கவில்லை. பழைய பொருளில் அதை அசல் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வண்டி ஒருநாளும் இல்லாமற்போய் இன்னொன்றாகப் பிறக்கவில்லை; படிப்படியாக மாறி, இடையறாமல் தொடர்ந்தது. ஆகவே அது மெய்யான பழைய முதலாம் எண்ணே. அசல் வேறு, மெய் வேறு. சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ள வாசகர்கள் இந்த வேறுபாட்டை நின்று சுவைக்கலாம். உறுப்புகளின் பழமையைச் சுட்டுவது முதற்சொல். வரலாற்றின் தொடர்ச்சியைச் சுட்டுவது இரண்டாவது.

பிரிட்டனின் வாகனப் பதிவுத்துறைக்கு இத்தகைய நுட்பம் கிடையாது. பல்லாண்டுகளாக அது புள்ளிக் கணக்கொன்றை வைத்திருந்தது. பெரிதும் மாற்றிக் கட்டிய வண்டி பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க எட்டுப் புள்ளி வேண்டும். சட்டகத்துக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. இதில் இரண்டு வேடிக்கைகள். அதே அமைப்பில் அன்றுதான் வார்த்தெடுத்த புத்தம்புதிய சட்டகத்துக்கும் முழு ஐந்து புள்ளி கிடைத்தது. லாண்ட்ரோவரில் உண்மையிலேயே எஞ்சி நிற்கும் அலுமினிய உடற்தகடுகளுக்கோ ஒரு புள்ளியும் இல்லை. ஆக, தோலைத் தூக்கியெறிந்து எலும்பைப் புதிதாக வாங்கியவனும் கணக்கில் தேறிவிடலாம். 2025 ஆகஸ்டில் விதிகள் மாறின. ஒத்த உறுப்புகளைக் கொண்டு செய்யும் செப்பனிடுதலுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை என்றாயிற்று. புள்ளிகள் போனது நல்லதே. ஆனால் எதைக் காப்பது என்ற கேள்வியை எந்தப் பதிவுத்துறையும் நமக்காகத் தீர்த்துவைக்காது.

அக்கேள்விக்கு நேர்மையான விடையாக நமக்குத் தோன்றுவது ஜேயூஇ 477 என்னும் பதிவெண் கொண்ட வண்டி. அதன் சட்டக எண் 860001, அதாவது விற்பனைக்கான வரிசையில் முதல் லாண்ட்ரோவர். ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு அளிக்க எண்ணியிருந்தார்கள் என்றும் அது நடக்கவில்லை என்றும் சொல்வர். பின்னர் அது வேளாண் பொறியியல் பேராசிரியர் ஒருவரிடம் சென்றது. அவர் வழியாக இங்கிலாந்தின் வடகோடியான நார்தம்பர்லாந்துப் பண்ணைகளுக்குப் போயிற்று. 1970 வாக்கில் 15 பவுனுக்குக் கைமாறியது. மன்னருக்கு நினைத்த பொருள் 15 பவுன்! ஆண்டுக்கணக்கில் வயலில் நின்றது. நின்ற இடத்தில் யாரும் அதைப் புதுப்பிக்க முனையாததே அதன் நற்பேறு. அண்மைக் காலத்தில் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் அதை வாங்கினார். பழைய லாண்ட்ரோவரின் உற்பத்தி நின்றதால் எழுந்த வெற்றிடத்தை நிரப்ப கிரெனடியர் என்னும் போட்டி வண்டியைச் செய்பவர் அவர். முதல் லாண்ட்ரோவர் போட்டியாளர் கையில். லாண்ட்ரோவர் நிறுவனமோ 2008 முதல் நம் டாட்டாவின் கையில். பேரரசின் பண்ணை வண்டியை அதன் தோட்டத்திலிருந்து மீட்டுத் துடைத்துவைக்கும் செலவு மும்பைக் கணக்கில் ஏறுகிறது என்பதை எண்ணுகையில் சிரிப்பு வருகிறது.

ஜேயூஇ 477ஐ ஓடும் நிலைக்குக் கொண்டுவந்த கைவினைஞர் அதன் உடற்தகடுகளுக்குப் புது வண்ணம் ஏற்றவில்லை. எஞ்சிய வெளிர் பச்சை திட்டுத்திட்டாக, தேய்ந்தும் உரிந்தும் இருந்தவாறே இருக்கிறது. நசுங்கல்களும் அப்படியே. இவ்வழியில் வேலை செய்வோரின் முறை பொறுமையைக் கோருவது. சட்டகத்தில் துருவால் முற்றும் அழிந்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை ஒட்டுப்போடுவார்கள். உட்புறம் மெழுகெண்ணெயைச் செலுத்தித் துருவை நிறுத்துவார்கள். ஒவ்வொரு போல்ட்டும் எங்கிருந்து வந்ததோ அங்கே திரும்பும். கழற்றும் முன் நிழற்படம், கழற்றியபின் குறிப்பு. ஓட்டுநர் உயிர் சார்ந்த பிரேக், டயர் போன்றவற்றில் மட்டும் பழமைக்கு இடமில்லை. அவை புதிதாகத்தான் வேண்டும். புதுச் சட்டகம் வாங்குவதைக் காட்டிலும் இதற்கு நாளும் பணமும் கூடுதல். வேலை முடிந்தபின் பார்ப்பவருக்கோ ஒன்றுமே செய்யாததுபோல் தோன்றும். நல்ல பதிப்பாசிரியனுக்கும் இதே தலைவிதிதான்.

மறுமுனையில் ஒரு முயற்சியையும் சொல்லவேண்டும். 2016இல் லாண்ட்ரோவர் நிறுவனமே மறுபிறப்பு என்ற பெயரில் 25 முதல் தலைமுறை வண்டிகளைத் தொழிற்சாலை அளவுகளின்படி முழுமையாகப் புதுப்பித்து விற்க முன்வந்தது. விலை 60,000 பவுனுக்கு மேல். அளவுகள் சரி, நிறம் சரி, எல்லாம் சரி. ஆயினும் அவை நமக்கு ஆர்வமூட்டவில்லை. ஓர் அருங்காட்சியகச் சிற்பத்தின் சுதைப் படியைப்போல் மாணவருக்குப் பயன்படும், அதற்குமேல் இல்லை. 1948இல் புதிதாக இருந்த வண்டி எப்படி இருந்திருக்கும் என்று அவை சொல்லும். 1948இலிருந்து என்ன நடந்தது என்று சொல்ல அவற்றிடம் ஒன்றுமில்லை.

அப்படியானால் கறையும் நசுங்கலும் காத்து, கண்ணாடிக்கூண்டில் நிறுத்திவிட்டால் இயல்பு காக்கப்பட்டதாகுமா? இங்கேதான் சுவடியும் வண்டியும் பிரிகின்றன. ஏடு படிக்கப்படுவதால் பெரிதும் தேய்வதில்லை. வண்டி ஓடும்போதுதான் வண்டி, ஓடினால் தேயும், தேய்ந்தால் மாற்றவேண்டும். இச்சிக்கலை ஆக்ஸ்ஃபோர்டு என்னும் வண்டியைப்போல் வேறெதுவும் முகத்திலறைந்து சொல்லவில்லை.

1955 செப்டம்பர் 1ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் இளைஞர் அறுவர் இரண்டு லாண்ட்ரோவர்களில் லண்டன் ஹைட் பார்க் முனையிலிருந்து புறப்பட்டனர். வண்டிகளுக்கும் தத்தம் பல்கலைக்கழகப் பெயரையே இட்டு, ஒன்றுக்குக் கருநீலமும் மற்றதற்கு வெளிர்நீலமும் பூசியிருந்தனர். பி.பி.சி.யில் அப்போது இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ படச்சுருள் தந்து உதவினார். மேற்காசியா, இந்தியா வழியாக அஸ்ஸாமை அடைந்து, போர்க்காலத்தில் வெட்டிப் பின்னர் காடு மூடத் தொடங்கியிருந்த லெடோ சாலையில் பர்மாவுக்குள் நுழைந்து, 1956 மார்ச் 6 அன்று சிங்கப்பூர் சேர்ந்தனர். குழுவினருள் ஒருவரான டிம் ஸ்லெஸர் மறு ஆண்டு எழுதிய ஃபர்ஸ்ட் ஓவர்லேண்ட் என்னும் நூல் இன்றும் படிக்கப்படுகிறது.

கேம்பிரிட்ஜ் எஞ்சவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அட்லாண்டிக் நடுவில் அசென்ஷன் தீவுக்குப் பறவை ஆய்வாளர்களோடு சென்று, பிறகு செயிண்ட் ஹெலினாத் தீவில் தங்கிவிட்டது. நெப்போலியன் சிறையிருந்த அதே தீவு. உப்புக்காற்றில் பல்லாண்டு கிடந்து உருக்குலைந்தபின், 2017இல் கப்பலேறி இங்கிலாந்து திரும்பியது. யார்க்ஷயரைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் அதை மீட்டெழுப்பினார்.

இங்கே காக்கவேண்டிய மூலம் எது? சிதைந்த எஃகா? அல்லது பதிவெண் எஸ்என்எக்ஸ் 891 உலகைச் சுற்றிய கதையா? தீவில் கிடந்தபடியே கண்காட்சிக்கு வைத்திருந்தால் ஜேயூஇ 477க்குரிய நெறி காக்கப்பட்டிருக்கும். ஆனால் அது எதற்காக நினைக்கப்படுகிறதோ அந்தப் பயணத்துக்கு மறுபடி தகுதியுறும்படி அதைச் செய்ய, உப்பு தின்ற உறுப்புகளைக் களைவதன்றி வழியில்லை. நீதிபதி ஆட்டனின் சொற்களில், அசலைச் சற்றே விட்டுக்கொடுத்து மெய்யைப் பற்றிக்கொண்டார்கள். பண்ணையில் உழைத்த முதல் வண்டிக்குத் தகடே சாசனம். ஆக்ஸ்ஃபோர்டுக்கு வழியே சாசனம். இரண்டுக்கும் ஒரே விதி வகுக்க முயல்வோர்மேல் நமக்கு நம்பிக்கை இல்லை.

2019 ஆகஸ்ட் 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டு சிங்கப்பூரிலிருந்து லண்டன் நோக்கி, இம்முறை கிழக்கிலிருந்து மேற்காக, கிளம்பியது. எண்பத்தேழு வயதான டிம் ஸ்லெஸர் அதில் செல்வதாக இருந்தது. புறப்படும் தறுவாயில் உடல்நலம் குன்றியதால் அவர் இடத்தில் அவருடைய பேரன் அமர்ந்தார். தாத்தாவின் காலத்து இரும்பும் அலுமினியமும் பேரனைச் சுமந்து 111 நாள் ஓடின. டிசம்பர் 14ஆம் நாள் வண்டி லண்டனுக்குள் நுழைந்தபோது அதன் மேல் புதிதாகப் படிந்திருந்தது ஆசியச் சாலைகளின் புழுதி.